அதே பக்கம், அதே படம்

“என் படம் மட்டும் வேண்டாம் சார்.”

கேட்டவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பத்திரிகை மேல் போட்ட அவதூறு வழக்கில் போன வாரம்தான் ஜெயித்திருந்தார். துணையாசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால், குழந்தை ஒன்றிடம் தப்பாக நடந்துகொண்டதாக ஒரு வேன் டிரைவர் கைதானான். அதைக் கண்டுபிடித்துப் போலீஸில் சொன்னவர் இன்னொரு டிரைவர், இவர். இரண்டு பேர் படங்களும் பத்திரிகைக்கு வந்தன. பக்கம் போட்ட அவசரத்தில் புகார் சொன்னவர் முகம் ‘காமுகன்’ என்று முதல் பக்கத்தில் ஏறிவிட்டது. ஏற்றியது இதே துணையாசிரியர்தான்.

மறுநாள் எட்டாம் பக்கத்தில், தபால்தலை அளவில் ஒரு ‘வருந்துகிறோம்’. யார் கண்ணில் பட்டது?

இப்போது தீர்ப்பு: அதே முதல் பக்கம், அதே அளவு, அதே படம், கூடவே மன்னிப்பு. சட்டம் படித்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதி, பேஷ் பேஷ் என்றார்கள்.

நாளைய பக்கம் திரையில் தயாராக இருந்தது. ‘இவர் குற்றமற்றவர்’ என்று தலைப்பும் வைத்தாயிற்று.

“படத்தோட போடணும்னுதானே தீர்ப்பு?”

“தெரியும் சார். எனக்குத் தீர்ப்பு நகல் ஒண்ணு போதும்னுதான் சொன்னேன். வக்கீல்தான் படத்தோட போடணும்னு கேட்டு வாங்கிட்டார். நீங்க போடறதுக்கு இன்னும் நாலு நாள் தவணை இருக்காம். மனு போட்டுப் படத்தை எடுத்துடலாம்ங்கிறார். அதுவரைக்கும் நிறுத்தி வையுங்க.”

துணையாசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பத்திரிகை முதலாளி ஆளைக் கைக்குள் போட்டுக்கொண்டாரோ?

“யாராவது வந்து பேசினாங்களா? உள்ளதைச் சொல்லுங்க.”

“என்கிட்ட யார் சார் பேசறாங்க?” வேன்காரர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஊர் மாத்திப் போயி ஆறு மாசமாச்சு. அங்க யாருக்கும் எதுவும் தெரியாது. மறுபடி வேன் ஓட்டறேன். பிள்ளைங்க ‘மாமா’ன்னு ஒட்டிக்குதுங்க. இப்பப் போயி அந்தப் படம் வந்தா...”

“வந்தா என்ன? நீங்க நிரபராதின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேனே.”

“முகத்தைத்தான் சார் பார்ப்பாங்க. எழுத்தை யார் பார்க்கிறாங்க?”

நாலு வருஷமாகத் துணையாசிரியரின் தூக்கத்தைக் கெடுத்த முகம் அது. அந்தக் கறையைக் கழுவ இப்போதுதான் வழி கிடைத்திருக்கிறது. விடுவாரா?

“ஜனங்களை அவ்வளவு மட்டமா எடை போடாதீங்கண்ணே. தப்புப் பண்ணினவன் நான். என்னைச் சரி பண்ண விடுங்க. நாளைக்கு நீங்க தலை நிமிர்ந்து நடக்கணும்.”

வேன்காரர் திரையில் தெரிந்த தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உங்க மனசு ஆறணும்னா போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

போட்டார்கள்.

காலை ஏழரை மணிக்குப் போன். வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கை.

“அண்ணா, உங்க பேப்பர்ல முதல் பக்கத்துல இருக்காரே, அவர்தான்ணா நம்ம பாப்பாவை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறவர். வாசல்ல வேன் நிக்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“முழுசாப் படிச்சியா இல்லையா? அவர் மேல ஒரு தப்பும் கிடையாது. அந்தக் குழந்தையைக் காப்பாத்தினதே அவர்தான். எழுதினது நானே.”

“படிச்சேண்ணா. ரெண்டு தடவை படிச்சேன். அதனாலதான் உன்னைக் கேக்கறேன். நீ சொல்லு, ஏத்தி விட்டுடறேன்.”

போனுக்குள் ஹாரன் கேட்டது. சற்றுப் பொறுத்து, இன்னொரு தரம், மெதுவாக.



“பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிடு” என்றார் துணையாசிரியர். “எதுக்கும்... வேற வேன் பாரு.”