ஊதாப் பொட்டு

“அண்ணியும் நாத்தனாரும் ஒரே ரூம்ல, சார். இதுவரைக்கும் ஒரு கண்ணாடிக் குழாய்கூட உடையல. அதுவே பெரிசு” என்றார் ஸ்டோர்காரர்.

புதிதாக வந்த மருத்துவமனை மேலாளர் கதவின் கண்ணாடி வழியே பார்த்தார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுந்து, மேசையிலிருந்த தகட்டை உற்றுப் பார்த்துவிட்டு வெளியே போனாள். பிறகுதான் மற்றவள் தகட்டருகே வந்தாள். பேச்சே இல்லை.

தாழ்வாரத்தில் பச்சைக் குழந்தையோடு ஒரு தாய் காத்திருந்தாள்.

“பாப்பாவுக்கு ஒண்ணுமில்லன்னா கிளம்பிடுவோம், சார். ரொம்பத் தூரம் போகணும்.”

மேலாளர் அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்தக் குழந்தைக்கு என்னம்மா?”

“ரத்தத்துல ஒரு அமினோ அமிலம் கூடியிருக்கான்னு பார்க்கிறோம், சார். கூடினா மூளையைக் கெடுத்துடும். சீக்கிரம் தெரிஞ்சா பாலை மாத்திக் காப்பாத்திடலாம். மருந்து தெளிச்சுச் சூடு காட்டினா தகட்டுல ஊதாப் பொட்டு விழும். அடர்த்தியா இருந்தா ஆபத்து. இது வெளிறித்தான் இருக்கு. பயமில்ல.”

அவள் போனதும் நாத்தனார் வந்தாள்.

“அடர்த்தியா இருக்கு, சார். விடக்கூடாது.”

“உங்க அண்ணி என்னடான்னா...”

“ஐயோ, அவங்க சொன்னதை என்கிட்ட சொல்லாதீங்க!” அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மேலாளருக்குக் கோபம் ஏறியது.

“ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவாச் சொல்லுங்க.”

“மாட்டோம், சார். திரும்பப் போட்டுப் பார்க்கணும்.”

“உங்க வீட்டுச் சண்டைக்கு ஒரு குழந்தைதான் கிடைச்சுதா? நாளைக்கே உங்கள்ல ஒருத்தரை வேற பிரிவுக்கு மாத்தறேன்.”

“மாத்துங்க, சார். அந்த அம்மாவை மட்டும் இப்ப அனுப்பிடாதீங்க.”

தாயை இருக்கச் சொல்லிவிட்டு, மறுபடி பரிசோதனை போட்டார்கள். இம்முறை அந்தக் குழந்தையின் ரத்தத்தை வேறு குழந்தைகளின் ரத்தத்தோடு சேர்த்து, வரிசையைக் கலைத்துக் கொடுத்தது ஸ்டோர்காரர். எது யாருடையது என்று அவருக்கு மட்டுமே தெரியும்.

தகடு காய்ந்தது. ஊதாப் பொட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

அண்ணி வந்தாள். குனிந்து பார்த்து, மற்றவற்றைவிட அடர்ந்திருந்த ஒரு பொட்டைக் காட்டினாள். போனாள்.

நாத்தனார் வந்தாள். அதே பொட்டைக் காட்டினாள்.

ஸ்டோர்காரர் தலையசைத்தார். அந்தக் குழந்தைதான்.

தாயை டாக்டர் உள்ளே அழைத்துப் பேசினார். அவள் முதலில் அழுதாள். பிறகு, பாலை மாற்றினால் போதுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மேலாளர் நாத்தனாரிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“பிடிவாதமா நின்னீங்க. நல்லதாப் போச்சு. ஆனாலும் கூட வேலை செய்யறவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாத அளவுக்கு அப்படி என்னம்மா சண்டை?”

“சண்டையா?” அவள் சிரித்துவிட்டாள். “அண்ணி ‘வெளிறியிருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா, அப்புறம் என் கண்ணுக்கும் வெளிறித்தான் சார் தெரியும். அவங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.”