பின்கதவு

தையல் கூடத்தின் தரையில் சூப்பர்வைசர் நாலு காலில் தவழ்கிறார். கண்ணில் மாட்டியிருக்கும் கறுப்புக் கருவிக்குள் அவருக்கு மட்டும் கூடம் தீப்பற்றி எரிகிறது. மற்றவர்களுக்கு மதிய வெயிலும், நிறுத்திவைத்த மிஷின்களும், அவர் பார்ப்பதை அப்படியே காட்டும் சுவர்த்திரையும்தான். தீ விபத்துப் பயிற்சிக்கென்று கம்பெனி புதிதாக வாங்கிய கருவி அது. அதை இயக்கும் டேப்லெட் காலர் தைக்கிறவளின் மடியில் இருக்கிறது. போன வருஷம் இங்கே நிஜமாகவே தீப்பிடித்தபோது, பின்கதவு வரைக்கும் தவழ்ந்துபோய் அங்கேயே செத்துக்கிடந்தவள் அவளுடைய அக்கா. துணி திருட்டுப் போகிறதென்று அந்தக் கதவைப் பூட்டிவைத்தவர் இவர். "சும்மா வீடியோ கேம்தானேம்மா, சட்டுனு முடி" என்று சிரித்துக்கொண்டுதான் கருவியை மாட்டினார். இப்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. ஊசியில் நூல் கோர்க்கிற நிதானத்தோடு அவள் விரல் புகையைக் கூட்டுகிறது. திரையில் பின்கதவு வருகிறது. கதவைத் திறந்து வைக்கவா, பூட்டவா என்று டேப்லெட் கேட்டதற்கு அவள் எப்போதோ பதில் சொல்லிவிட்டாள். அவருடைய கைகள் வெறுங்காற்றைத் தள்ளுகின்றன, குத்துகின்றன.

"கதவு தெறக்க மாட்டேங்குதும்மா! மூச்சு முட்டுது!"

தையல்காரிகள் எல்லோரும் சுவர்த்திரையில் தெரியும் அந்தக் கதவையே பார்க்கிறார்கள்.

"பூட்டியிருக்கு சார்" என்கிறாள் அவள், தலை நிமிராமல். "சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

அவர் கை தானாக இடுப்புக்குப் போகிறது. பெல்ட்டில் தொங்கும் சாவிக்கொத்து கூடம் முழுக்கக் கேட்கும்படி குலுங்குகிறது.