பெயர் சொல்லாத கசெட்

"மிஸ் வந்திட்டா. கையில கசெட்டும் இருக்கு. எல்லாரும் கெதியா வாங்ககா."

சீதேவிப்பிள்ளை போட்ட சத்தத்தில் முகாமே எழுந்து ஓடிவந்தது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலோடு வந்தாள். பாதித் தலை வாரியவள் சீப்போடு வந்தாள். பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார இடமில்லை.

சைக்கிளைச் சுவரில் சாத்திய சுகிர்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இதே பெண்களிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் முன்பெல்லாம் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

கதை கேட்பதுதான் அவள் வேலை. கலவரத்தில் வீடிழந்தவர்களைத் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வைப்பது. ஊசியில்லை, மாத்திரையில்லை. டவுனில் அதற்கென்றே பயிற்சி எடுத்தவள். 'பயத்தை உங்களை விட்டுத் தள்ளி வையுங்கள், அதற்கொரு பெயர் வையுங்கள்' என்று அவள் சொல்ல, முகாம் பெண்கள் 'விருந்தாளி' என்று வைத்தார்கள்.

"என்ன, இந்தக் கிழமை விருந்தாளி வந்தாரா?"

"ராவு வந்தான் மிஸ். கஞ்சிதான் கிடக்கு எண்டன். போயிட்டான்," என்றாள் சீதேவிப்பிள்ளை.

எல்லாரும் சிரித்தார்கள். புஸ்பம் மட்டும் சிரிக்கவில்லை. கையில் தும்புக் கயிறு, கண் கசெட்டில்.

அந்தக் கயிறுதான் சுகிர்தாவின் தூக்கத்தைக் கெடுத்தது. வீடு எரிந்த அன்று புஸ்பத்தின் கையோடு வந்தது அது ஒன்றுதான். பேச்சில்லாமல், சாப்பாடில்லாமல், அதைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே கிடந்தாள். கெஞ்சிக் கேட்டும் தரவில்லை. ஏதாவது செய்துகொள்வாளோ என்று பெண்கள் முறைவைத்து அவளுக்குக் காவல் இருந்தார்கள்.

அவளை மீட்டது கசெட்தான். இவர்களைப் போலவே அடிபட்ட இன்னொரு ஊர்ப் பெண்களுக்கு இவர்கள் கதையைப் போட்டுக்காட்டி, அவர்களுடைய பதிலைப் பதிந்து கொண்டுவருவாள் சுகிர்தா. முதல் பதிலைக் கேட்ட அன்று புஸ்பம் சோறு கேட்டாள். அடுத்ததற்குப் பேசத் தொடங்கினாள்.

ஒரே ஒரு நிபந்தனை. ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் கசெட்டில் வரக்கூடாது. ஏனென்றால் இவர்கள் தமிழர்கள், அந்தப் பெண்கள் பக்கத்து ஏறாவூர் முஸ்லிம்கள். கலவரத்தில் இரண்டு பக்கமும் எரிந்தது. அதன்பிறகு இவர்கள் அங்கே போவதில்லை, அவர்கள் இங்கே வருவதில்லை. இது தெரிந்தால் கசெட்டை உடைத்துப் போட்டுவிடுவார்கள், புஸ்பம் பழையபடி கயிறும் கையுமாகச் சுருண்டுவிடுவாள். அந்தப் பயத்தில் சுகிர்தா ஒவ்வொரு கசெட்டையும் நாலு தரம் கேட்டுச் சரிபார்த்துத்தான் கொண்டுவருவாள்.

ரெக்கார்டர் பட்டனை அழுத்தினாள். பழகிய பெண் குரல் வந்தது.

"நாங்க சுகம். இருட்டினா இன்னும் பயம்தான். ஆனா ஒரு சந்தோசம் சொல்லணும். கறுவல் கண்டு போட்டிட்டு."

மண்டபம் அதிர்ந்தது. ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி ஊதுகுழலால் தரையில் தாளம் போட்டாள்.

சுகிர்தாவுக்கே புல்லரித்தது. முதல் கசெட்டில், கறுவல் என்ற மாடு தின்னாமல் வாசல் படலையையே பார்த்து நிற்கிறது என்றது அந்தக் குரல். பிறகு, கறுவல் சினை என்றது. இப்போது கன்றும் ஈன்றுவிட்டது. இவர்கள் பயத்தை விருந்தாளி ஆக்கியதுபோல, அவர்கள் துக்கத்தை மாடாக்கியிருக்கிறார்கள் என்று அவள் எப்போதோ புரிந்துகொண்டிருந்தாள். எப்படிப்பட்ட கற்பனை.

"இந்தக் கண்டு உங்களுக்கு என்னத்தச் சொல்லுது?"

"நம்பிக்கை மிஸ்," என்றார்கள் எல்லாரும். சீதேவிப்பிள்ளைக்கு மட்டும் இருமல் வந்துவிட்டது.

"பசுவா, நாம்பனா?" என்றாள் புஸ்பம்.

"என்னது?"

"நம்பிக்கைதான் மிஸ். பசுக்கண்டா, நாம்பன் கண்டா?"

சுகிர்தா சிரித்துக்கொண்டே மிச்சத்தை ஓடவிட்டாள். "பசுக்கண்டு. நெத்தியில வெள்ள. துள்ளுற துள்ளுக்கு வேலி நிக்கிதில்ல."

புஸ்பம் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த முகாமுக்கு வந்தபிறகு முதல் சிரிப்பு. மைக்கைத் தானே இழுத்துப் பிடித்தாள்.

"முதல் பால ஒட்டக் கறந்திடாதகா. கண்டு குடிக்கட்டும். கறுவல் இடக்காலால உதைக்கும், கவனம்."

முகம் தெரியாத ஒருத்தியின் துக்கத்தில் இவ்வளவு அக்கறையா என்று சுகிர்தாவின் கண் கலங்கிவிட்டது.

புறப்படும்போது புஸ்பம் பின்னாலேயே வந்தாள். கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, சைக்கிள் கூடைக்குள் போட்டாள்.

இதற்காகச் சுகிர்தா எத்தனை நாள் காத்திருந்தாள். "புஸ்பக்கா, இனி இது வேணாமா?"

"எனக்கு என்னத்துக்கு மிஸ்? கண்டு கட்டக் கயிறு வேணுமே. ஏறாவூருக்குப் போனா றம்லாட்டக் குடுங்க."

சைக்கிள் சுகிர்தாவின் கையிலிருந்து நழுவப் பார்த்தது. புஸ்பம் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட வீட்டு வேலிக்கு அங்கால இருந்தவள்ற குரல் தெரியாதா மிஸ்? எங்கட ஆக்கள்ற குரல் கேட்டுத்தானே அவளும் தன்ட வீட்டில நிக்கிற என்ட மாட்டுட புதினம் சொல்லி அனுப்பின. இஞ்ச எல்லாருக்கும் தெரியும். பேரச் சொன்னா விருந்தாளி உங்களிட்ட வந்திருவான் எண்டுதான் நாங்க மூச்சுக் காட்டல்ல."