வான்கோழி கேப்டனின் கொட்டடி

ஆற்றோரத்து மரக்கோட்டைக்கு வான்கோழிதான் கேப்டன், சிப்பாய்களெல்லாம் வாத்துகள். கழுகு ஜெனரல் இன்று பார்வையிட வருகிறார் என்றதும் கேப்டன் கோட்டை முழுக்கக் குற்றம் தேடிக் கிளம்பினார்.

பொத்தான் போடாத வாத்தைக் கொட்டடியில் அடைத்தார். ஆற்றுக்குக் குளிக்க ஓடியதையும் அடைத்தார். கஞ்சியைத் தீய்த்த சமையல்கார வாத்தை அடுப்பு சட்டியோடு உள்ளே தள்ளினார். காவலில் கண்ணசந்த கடைசி வாத்தும் உள்ளே போனபிறகு வாசலுக்கு ஆளில்லை. கேப்டனே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நின்றார். வெயிலும் பசியும் சேர்ந்து, நின்றபடியே தூங்கிப்போனார்.

“காவலில் தூக்கமா? இதுக்கு இங்கே என்னய்யா தண்டனை?” தலைக்குமேல் ஜெனரலின் குரல்.

“கொட்டடிதாங்கய்யா.”

கதவு திறந்தது. உள்ளே ஒரே கும்மாளம்.

“தள்ளி உக்காருங்கடா, கேப்டன் வந்துட்டார்!” என்று சமையல்கார வாத்து அகப்பையை நீட்டியது. “சாப்பிடுங்க ஐயா. யாரும் விரட்டலை, அதான் இந்தத் தடவை கஞ்சி தீயலை.”