அடுப்பு வாய் எந்தப் பக்கம்?

செஞ்சிக்கோட்டை மூன்று மலையும் அதிரும்படி கத்திக்கொண்டே, தகர வேலை செய்யும் பெரியதம்பியின் பட்டறைக்குள் நுழைந்தார் தேவசகாயம்.

“யோவ், சப்பான்காரன் சண்டையில மண்ணெண்ணெய் கெடைக்கலன்னு தோட்டத்து அடுப்ப மல்லாட்டத் தோலுக்கு எம் பொண்டாட்டி மாத்தச் சொன்னா, தோல் போடுற வாய எதிர்ப்பக்கம் வெச்சிருக்கியே! அவ இந்தப் பக்கம் கிண்டுறா. நான் அந்தப் பக்கம் குந்தி, சோறு வேகுற வரைக்கும் கடலத் தோலப் பிடி பிடியாத் தள்ளணும். ‘தூங்குறியா, தோலப் போடுய்யா’ன்னு அவ ஏச, நான் ஏச, தொண்டூர் வரைக்கும் சிரிக்குது. இப்பவே திருப்பி வை!”

பெரியதம்பி சுத்தியலைக் கீழே வைத்தான்.

“நான் சரியாத்தான் வெச்சேன், அண்ணே. இருதயமேரி அண்ணிதான் மாத்தி வெக்கச் சொன்னாங்க.”

“இன்னாத்துக்கு?”

“ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்த மனுசன், மூணு மாசமா ஒரு வார்த்த பேசாம செவுத்தப் பாத்துக் குந்தியிருக்காருன்னு அழுதாங்க. எதிர்ல உக்கார வெச்சா, திட்டவாவது பேசுவாருன்னாங்க.”

பெரியதம்பி மறுபடி சுத்தியலைக் கையில் எடுத்தான்.

“திருப்பிடட்டுமா, அண்ணே?”

“அடுப்புல கைய வெச்ச, கைய ஒடிச்சிடுவேன்!”

அன்று சோறு குழைந்து கூழான பிறகும், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஏசிக்கொண்டே இருந்தார்கள்.