மீதி ஏழு

பத்து இலக்க எண் ஒன்றைக் காட்டி, "இது பகா எண்தானா என்று தெரிந்ததும் பெண் பார்க்க வருகிறேன்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். பகா எண்களால் ஒவ்வொன்றாகத் தாளில் வகுத்துப் பார்ப்பது என் பழைய பொழுதுபோக்கு. ஒன்றால் மீதியின்றி வகுபட்டாலும் அது பகா எண் இல்லை என்றாகி, கணக்கு அன்றே முடிந்துவிடும்.

மனைவி இறந்த பிறகும் அவள் அம்மா என்னோடுதான் இருந்தார். எனக்கு மறுகல்யாணமானால் அவர் தன் தம்பி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"நூறுக்குள்ள இருக்கற பகா எண்ணாலெல்லாம் நான் வகுக்கறேன் மாப்ளே. சீக்கிரம் முடியும்" என்றார். போவதற்கு இவ்வளவு அவசரமா என்று எரிச்சலாக வந்தது.

ஆறு மாதம் கழித்து இன்று அக்கா வந்தாள். உட்காரவே இல்லை.

"என்னடா இது, அனுமார் வால் மாதிரி?"

"இன்னும் நாலாயிரம் வகுத்தல் இருக்குக்கா."

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க!"

"ஒண்ணை விட்டாலும் நிரூபணம் ஆகாதும்மா" என்றார் அத்தை, வகுப்பறைக் குரலில்.

"நல்ல மாமியார், நல்ல மருமகன்!" அக்கா கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

"அத்தை, நாப்பத்து மூணுல மீதி ஏழுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அன்னைக்கே நானும் வகுத்துப் பார்த்தேன். மீதியே வரல."

அத்தை பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். அந்தத் தாளை மேஜையிலேயே போட்டுட்டுத் தூங்கிட்டீங்க. அக்கா கண்ணுல படறதுக்குள்ள நான்தான் கிழிச்சுப் போட்டேன். இனிமே கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க மாப்ளே."