ஏழாம் மாடிக் கறிவேப்பிலை

திருவனந்தபுரம் கழக்கூட்டத்து அடுக்ககத்தின் ஏழாம் மாடி பால்கனியில் மதிய வெயில் சரிந்து கிடக்கிறது. கீழே நெடுஞ்சாலை ஓயாமல் இரைகிறது. பெரிய மண்சட்டியின் முன் திவ்யலட்சுமி குந்தியிருக்கிறாள். கறிவேப்பிலைக் கன்றின் இலைகள் ஓரம் கருகித் தொங்குகின்றன. ஆனால் மண்ணில் அவள் செருகிவைத்த மலிவான சென்சார், கைப்பேசியில் பச்சை எழுத்தில் ‘ஈரம் போதும்’ என்கிறது. ஒரு வாரமாக இதையேதான் சொல்கிறது. அதை நம்பி அவளும் தண்ணீர் விடவில்லை. கணவன் தாணுமாலையன் சாப்பிட்ட கையோடு வந்து, டம்ளரில் மிச்சமிருந்த சம்பாரத்தை, இஞ்சியும் உப்பும் போட்ட நீர்மோரை, வேரடியில் சாய்க்கிறான். இஞ்சித் துணுக்கு ஒன்று மண்மேல் தங்குகிறது. கைப்பேசியில் ஈரத்தைக் காட்டும் எண் விறுவிறுவென்று ஏறுகிறது.

“தெனமும் ஊத்துகியளா?”

“பின்னே? நீ தண்ணியே விடல்ல, கேட்டியா. வாடிப்போவும்லா. ஊருல மோரு ஊத்தித்தானே வளப்பாவ.”

“ஊருல உப்பு போட்டா ஊத்துவாவ?”

அவன் டம்ளரையே பார்க்கிறான். அவள் சென்சாரைப் பிடுங்கி, கம்பியில் வெள்ளையாய்ப் பூத்திருப்பதைத் தொட்டு நாக்கில் வைக்கிறாள். கரிக்கிறது. இந்த உப்பைத்தான் அது ஈரம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. சட்டியோரம் விரலை ஆழ விடுகிறாள், பொடிமண். அவன் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவர, இருவருமாகப் பிடித்து மெல்லச் சாய்க்கிறார்கள். மண் முணுமுணுத்துக் குடிக்கிறது. அடித்துளை வழியே கலங்கல் நீர் தரையில் பரவுகிறது. அவள் சுவரோரம் எறிந்த சென்சார், ஒரு வாரத்தில் முதல் தடவையாக, கைப்பேசியில் சிவப்பு எழுத்தில் கேட்கிறது: ‘தண்ணீர் விடவும்.’